வீட்டுப் பராமரிப்பை மாற்றப்போவதாகக் கவுன்சில் கடிதம் அனுப்பினால்

இங்கிலாந்தில் முதியோருக்கான வீட்டுப் பராமரிப்பை மாற்றப்போவதாகக் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) அனுப்பும் கடிதத்தில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் இருக்கும். கவுன்சில் தன்னுடைய கெயரர்களை (பராமரிப்பாளர்களை) விட்டுவிட்டு வேலையை ஏஜென்சியிடம் (வெளி நிறுவனத்திடம்) கொடுப்பது, இருக்கிற ஏஜென்சியை மாற்றுவது, அல்லது கட்டண விதிகளைத் திருத்துவது. எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கடிதத்தில் விளங்காவிட்டால் தொலைபேசியில் கேளுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளை வைத்து மொழிபெயர்க்க வேண்டாம். குளியல், மலசலம் பற்றியெல்லாம் பேரன் முன்னால் எந்தத் தாத்தா வாய்திறப்பார்?

மாற்றத்துக்கு முன் கவுன்சில் பொதுமக்களிடம் நடத்தும் கருத்துக்கேட்புக்குக் கட்டாயம் பதில் எழுதுங்கள். 1985இல் பிரென்ட் கவுன்சிலுக்கு எதிரான ஒரு வழக்கில் வகுத்த நெறிகளை உச்ச நீதிமன்றமும் 2014இல் ஏற்றது: முடிவு எடுக்குமுன் கேட்கவேண்டும், காரணங்களைப் போதியளவு சொல்லவேண்டும், பதில் எழுத அவகாசம் தரவேண்டும், வந்த பதில்களை உண்மையாகவே கருத்தில் எடுக்கவேண்டும். “எங்களுக்குக் கஷ்டம்” என்று பொதுவாக எழுதுவதைவிட, “காலை வருகை 45 நிமிடத்திலிருந்து 20 ஆனால் குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் நேரம் போதாது” என்று எழுதினால் எடை உண்டு. வீட்டுப் பராமரிப்பு பற்றி நைஸ் (சுகாதார, பராமரிப்புத் தரங்களுக்கான தேசிய நிறுவனம்) வெளியிட்ட வழிகாட்டியும் அரை மணிக்குக் குறைந்த வருகைகளைக் குறிப்பிட்ட சில நிலைமைகளில் மட்டுமே ஏற்கிறது. பழக்கமான கெயரர், பெரிய திட்டத்தின் ஒரு பகுதி, அந்த வேலைக்குப் போதுமான நேரம் என்பவை அவை.

ஆனால் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. கருத்துக்கேட்பு எல்லாருக்கும் பொதுவானது. உங்கள் அம்மாவின் பராமரிப்புத் திட்டம் அவருக்கு மட்டும் உரியது. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின்படி, அந்தத் திட்டத்தைத் திருத்துவதானால் அவரையும், அவரைப் பார்த்துக்கொள்பவரையும் சேர்த்துக்கொண்டுதான் திருத்தவேண்டும். இது 27ஆம் பிரிவு. மீளாய்வை, அதாவது திட்டத்தைத் திரும்பப் பார்ப்பதை, காரணமாக வைத்துத் தன்னிச்சையாக மணித்தியாலங்களைக் குறைக்கக்கூடாது என்று அரசின் வழிகாட்டியும் சொல்கிறது. நீங்களே நியாயமான காரணத்தோடு மீளாய்வு கேட்கவும் முடியும். ஆகவே இப்போதுள்ள திட்டத்தின் பிரதியை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். அது கையில் இல்லாவிட்டால், எது குறைந்தது என்று பிறகு காட்டுவது கடினம்.

மணித்தியாலங்கள் பறிபோவது பெரும்பாலும் மீளாய்வு நாளில்தான். மீளாய்வுக்கு வரும் கவுன்சில் அலுவலர் விருந்தாளி மாதிரி நடத்தப்படுவார், வீடு துப்புரவாக இருக்கும், அம்மா நல்ல சேலை கட்டியிருப்பார். “சமாளிக்கிறேன், மகள் பார்த்துக்கொள்வாள்” என்பார். மரியாதைக்காகச் சொன்ன அந்த ஒரு வசனம், தேவை இல்லை என்று பதிவாகிவிடும். சட்டம் கேட்பது வேறு. உதவியின்றிச் செய்ய முடியாவிட்டால் மட்டுமல்ல, செய்யும்போது கடும் வலியோ மனக்கலக்கமோ வந்தாலும், ஆபத்து ஏற்பட்டாலும், வழக்கத்தைவிட மிக அதிக நேரம் எடுத்தாலும் அது “முடியாது” என்றே கணக்கு. இப்படி விதிகள் பட்டியலிடும் 10 அன்றாடக் காரியங்களில் இரண்டோ கூடுதலோ முடியாமல், அது நலவாழ்வைக் கணிசமாகப் பாதித்தால் அவர் கவுன்சில் உதவிக்குத் தகுதி பெறுகிறார். மகள் செய்கிற உதவியைக் கழித்துவிட்டுத் தேவையை அளக்கக்கூடாது. முழுத் தேவையையும் பதிந்த பிறகுதான், மகள் எதைச் செய்ய விரும்புகிறார், எதைச் செய்ய இயலும் என்ற கேள்வி வரும். அவருக்கு மறுக்க உரிமை உண்டு; அதே சட்டத்தின் 10ஆம் பிரிவின்கீழ், பார்த்துக்கொள்பவர் என்ற முறையில் தனக்கென ஒரு மதிப்பீடும் கேட்கலாம்.

மீளாய்வுக்கு முன் இரண்டு வாரம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: இரவில் எத்தனை தடவை எழும்பினார், எங்கே தடுமாறினார், கெயரர் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போனார். நல்ல நாளை அல்ல, மோசமான நாளைச் சொல்லுங்கள். பெண் கெயரர்தான் வேண்டும், தமிழ் பேசுபவர் வேண்டும் என்றால் அதையும் திட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு ஏஜென்சி மாறும்போது கூடவே போய்விடும்.

கட்டணம் மாறுகிறது என்றால் கணக்கை வரிவரியாகப் பாருங்கள். பராமரிப்புப் பெறுபவரின் சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் முழுச் செலவையும் கட்டச் சொல்லலாம். 14,250க்குக் கீழ் இருந்தால் சேமிப்பைக் கணக்கில் எடுக்கக்கூடாது. இடைப்பட்ட ஒவ்வொரு 250 பவுணுக்கும் வாரத்துக்கு 1 பவுண் வருமானமாகக் கருதுவார்கள். அவர் குடியிருக்கும் வீடு இதில் சேராது. கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் பாதி மட்டுமே அவருடையது. அட்டென்டன்ஸ் அலவன்ஸை (உதவி தேவைப்படும் முதியோருக்கு அரசு தரும் கொடுப்பனவை) வருமானமாக எடுத்தால், உடல்நிலையால் வரும் மேலதிகச் செலவுகளைக் கழிக்கவேண்டும். அடிக்கடி துணி துவைப்பது, கூடுதல் ஹீட்டிங், சிறுநீர்க் கசிவுக்கான பேட், விசேட உணவு எல்லாம் அதில் வரும். பற்றுச்சீட்டு இல்லாததால்தான் பலர் இந்தக் கழிவை இழக்கிறார்கள்.

ஏஜென்சியே பிடிக்காவிட்டால் நேரடிக் கொடுப்பனவு கேட்கலாம். பணம் உங்களிடம் வரும், கெயரரை நீங்களே வைக்கலாம். ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய உறவினருக்குப் பொதுவாகக் கொடுக்க முடியாது; வேறு வீட்டில் வாழும் மருமகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் அப்போது நீங்கள் முதலாளி. சம்பள வரிக் கணக்கு, வருடத்துக்கு 5.6 வாரச் சம்பள விடுமுறை, தொழில்தருநர் காப்புறுதி எல்லாம் உங்கள் பொறுப்பு. இதற்கான செலவும் கொடுப்பனவில் அடங்கியிருக்கிறதா என்று கையெழுத்திடுமுன் கேளுங்கள்.

கைமாறும் வாரத்தில் தவறுவது மருந்துதான். மருந்துப் பதிவுத் தாள் புதிய ஏஜென்சிக்குப் போய்ச் சேர்ந்ததா, கீ சேஃப் (வாசலில் சாவி வைக்கும் பூட்டுப் பெட்டி) இலக்கம் அவர்களிடம் இருக்கிறதா என்று முதல் நாளே சரிபாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் வீட்டார் ஒருவர் நிற்பது நல்லது. வருகை தவறினால் நேரத்தைக் குறித்து மின்னஞ்சலில் முறையிடுங்கள். கவுன்சிலின் பதில் சரியில்லை என்றால், பிரச்சினை தெரிந்து 12 மாதத்துக்குள் ஒம்புட்ஸ்மனிடம் (கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரியிடம்) போகவேண்டும். அங்கே முறையிடக் கட்டணம் இல்லை.