ஆர்ட் மோடெலுக்கு அந்த வெண்கலச் சிலை வேண்டாம்

அமெரிக்கக் கால்பந்து பார்க்கிறவர்களிடம் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணியின் முதலாளியாக இருந்த ஆர்ட் மோடெல் பெயரை எடுத்தால் போதும், இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. போன வாரம் எனக்கும் ஒரு நண்பருக்கும் அப்படித்தான் ஆனது. அந்த ஆட்டத்தின் பெரிய ஆட்களுக்கு வெண்கலச் சிலை வைக்கிற ஹால் ஆஃப் ஃபேமில் மோடெலை இன்னும் சேர்க்காதது அநியாயம் என்பது அவர் கட்சி. சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி. பேசி முடித்த பிறகும் மனம் அடங்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி எல்லோருக்கும் வரும். ஓர் அணியின் முதலாளிக்கு எதற்கு ஹால் ஆஃப் ஃபேம்? அவர் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாரா, முட்டி தேய அடிபட்டாரா, நாலாவது குவார்ட்டரில் எந்த ஆட்டத்தை ஆடுவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டாரா? செக்கில் கையெழுத்துப் போட்டார், கண்ணாடி அறையில் உட்கார்ந்து பார்த்தார், அவ்வளவுதானே? நானும் ரொம்ப நாள் இப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஒஹாயோவில் கேன்டன் நகரத்தில் அந்த மண்டபம் 1963இல் திறந்தபோதே, முதல் வரிசையில் சேர்க்கப்பட்ட 17 பேரில் ஜார்ஜ் ஹாலஸ், டிம் மாரா என்று உரிமையாளர்கள் இருந்தார்கள். காரணம் எளிது. 1920இல் அதே கேன்டனில் ஒரு கார் விற்பனைக் கூடத்தில் சிலர் கூடி உட்கார்ந்து ஆரம்பித்த லீக்தான் இன்றைய என்எஃப்எல். எத்தனையோ ஊர்களில் அணிகள் முளைத்து ஒன்றிரண்டு வருடத்தில் மூடப்பட்டன. அந்தக் காலத்தில் அணியை விடாமல் நடத்தியதே ஒரு சாதனை. அவர்கள் இல்லை என்றால் ஆட்டமே இல்லை.

அதனால் "முதலாளிகளே வேண்டாம்" என்று நான் சொல்ல மாட்டேன். என் அளவுகோல் ஒன்றுதான்: வேறு எந்தப் பணக்காரர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் செய்திருக்கமாட்டார் என்று சொல்லும்படி இவர் என்ன செய்தார்?

லாமர் ஹன்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். என்எஃப்எல்லில் அணி கேட்டார், கிடைக்கவில்லை. முப்பது வயதுகூட ஆகாத ஆள், 1959இல் தன்னைப் போலவே கதவுக்கு வெளியே நின்றவர்களைச் சேர்த்து ஏஎஃப்எல் என்று தனி லீக்கையே தொடங்கிவிட்டார். கடைசியில் பெரிய லீக்கே இறங்கி வந்து இணைய வேண்டியதாயிற்று. பட்டத்துக்கான இறுதிப் போட்டிக்கு வந்த சூப்பர் பௌல் என்ற பெயருக்கும் அவரைத்தான் காரணமாகச் சொல்வார்கள். 1972இல் அவரைச் சேர்த்தார்கள், யாருக்கு மறுப்பு இருக்க முடியும்?

டிம் மாராவின் மகன் வெலிங்டன் மாரா இன்னும் பிடிக்கும் எனக்கு. நியூயார்க் ஜயன்ட்ஸ் என்பது நாட்டிலேயே பெரிய தொலைக்காட்சிச் சந்தையில் இருந்த அணி. 1961இல் லீக் முழுவதும் ஒரே தொலைக்காட்சி ஒப்பந்தம், பணத்தை எல்லா அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்வது என்ற யோசனை வந்தபோது, அதிகம் இழக்கப்போவது மாரா குடும்பம்தான். அண்ணன் ஜாக்கும் தம்பி வெலிங்டனும் சரி என்றார்கள். கிரீன் பே மாதிரி ஒரு சின்ன ஊரில் இன்றைக்கும் அணி இருக்கிறது, கோப்பையும் ஜெயிக்கிறது என்றால், அதற்கு அடித்தளம் அந்தச் சம்மதம். தன் பையிலிருந்து எடுத்துப் போட்டியாளருக்குக் கொடுத்த முதலாளி. அப்படிப்பட்டவருக்குச் சிலை வைக்கத்தான் வேண்டும்.

கோப்பைகளை மட்டும் காட்டி உள்ளே போனவர்கள் விஷயத்தில் எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. சான் பிரான்சிஸ்கோ அணியின் முதலாளி எடி டிபார்ட்டலோ ஐந்து சூப்பர் பௌல் ஜெயித்தார் என்கிறார்கள், நல்லது, ஆனால் என் கண்ணுக்குத் தெரிவது பயிற்சியாளர் பில் வால்ஷும், ஆடிய ஜோ மொன்டானாவும் ஜெர்ரி ரைஸும்தான். சரி, அது வேறு சண்டை, இன்னொரு நாள்.

இப்போது மோடெல். என் நண்பர் சொன்னதில் பாதி முழுக்க உண்மை, அதை ஒப்புக்கொள்ளாமல் எழுதினால் நான் நேர்மையாகப் பேசுவதாகாது. நியூயார்க்கில் விளம்பரத்துறையிலும் தொலைக்காட்சியிலும் இருந்த மனிதர், 1961இல் ஏறத்தாழ 40 லட்சம் டாலருக்கு கிளீவ்லாண்ட் பிரவுன்ஸை வாங்கினார். தொலைக்காட்சி என்றால் என்ன என்று மற்ற முதலாளிகளைவிட நன்றாகத் தெரிந்தவர். முப்பது வருடத்துக்கு மேல் லீக்கின் ஒளிபரப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். திங்கள் இரவு ஆட்டம் என்ற யோசனையைப் பல உரிமையாளர்கள் நம்பவில்லை, திங்கட்கிழமை யார் மைதானத்துக்கு வருவார்கள் என்ற பயம். மோடெல் என் ஊரில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். 1970 செப்டம்பர் 21, நட்சத்திர வீரர் ஜோ நேமத்தின் நியூயார்க் ஜெட்ஸ் அணி கிளீவ்லாண்டுக்கு வந்தது, 85,000க்கும் அதிகமான கூட்டம், பிரவுன்ஸ் 31-21 என்று ஜெயித்தது. அதே வருடம் இரண்டு லீக்குகளும் இணைந்தபோது, பழைய என்எஃப்எல் அணிகளில் மூன்று, ஏஎஃப்எல் அணிகள் சேர்ந்த ஏஎஃப்சி என்ற பிரிவுக்குப் போனால்தான் கணக்கு சரியாகும் என்ற நிலை. யாரும் போகத் தயாராக இல்லை. பிட்ஸ்பர்க், பால்டிமோர் அணிகளோடு தன் அணியையும் அனுப்ப மோடெல் சம்மதித்தார். அப்புறம் 2002இல் ஓஸி நியூசமை, பின்னால் பால்டிமோரில் தான் நடத்திய ரேவன்ஸ் அணியின் ஜெனரல் மேனேஜர் ஆக்கினார். லீக்கிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்.

இதெல்லாம் சின்ன விஷயமா? இல்லவே இல்லை. என் அளவுகோலின்படியே பார்த்தால் இங்கே வரை மோடெலுக்கு இடம் உண்டு.

ஆனால் 1995 நவம்பர் 6 என்று ஒரு நாள் இருக்கிறது. அன்றைக்கு பால்டிமோரில் கேம்டன் யார்ட்ஸ் வாகன நிறுத்துமிடத்தில் போட்ட மேடையில் நின்றுகொண்டு, பிரவுன்ஸை இங்கே கொண்டுவருகிறேன் என்று அறிவித்தார். அங்கே போன அணிதான் ரேவன்ஸ் ஆனது. மற்ற உரிமையாளர்கள் ஊர் மாறியபோது எதிர்த்துப் பேசியவர் அவர். மறுநாள் கிளீவ்லாண்டில் ஒரு வாக்கெடுப்பு இருந்தது, பழைய மைதானத்தைப் புதுப்பிக்க வரி கட்டச் சம்மதமா என்று. முந்தின நாள்தான் முதலாளி கைவிட்ட ஊர், அந்தக் கோபத்திலும் மக்கள் பெரும்பான்மையாகச் சம்மதம் என்று வாக்களித்தார்கள். இதை முதன்முதலில் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கட்டிய மனைவியை விட்டுவிட்டுப் போகிறேன் என்று ஊரறியச் சொன்னவனுக்கு, அடுத்த நாள் காலை அவள் சாப்பாடு எடுத்து வைத்த மாதிரி.

கடன் இருந்தது, தெரியும். 1970களில் நகராட்சியிடமிருந்து அந்தப் பழைய மைதானத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தன் பணத்தைக் கொட்டினார். அங்கே ஆடிக்கொண்டிருந்த பேஸ்பால் அணி 1994இல் புது மைதானத்துக்குப் போய்விட்டதால் வாடகை வருமானமும் போனது. பால்டிமோர் வாடகையே இல்லாமல் புது மைதானம் தருகிறேன் என்றது. நெருக்கடியில் இருக்கிற மனிதருக்கு பிடித்துக் கரையேற அது எவ்வளவு பெரிய கயிறு என்பது புரிகிறது. ஆனால் அவருக்கு இன்னொரு வழியும் இருந்தது. அணியை விற்றிருக்கலாம். அந்த ஊரிலேயே வைத்து நடத்துகிறேன் என்கிற ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கௌரவமாக விலகியிருக்கலாம். அவர் அணியையும் விடவில்லை, ஊரையும் காப்பாற்றவில்லை. கடைசியில் பால்டிமோருக்குப் போயும் பணக்கஷ்டம் தீராமல், 2000இல் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கையும் 2004இல் பெரும்பான்மையையும் ஸ்டீவ் பிஷாட்டியிடம் விற்க வேண்டியதாயிற்று. ஒன்பது வருடம் கழித்து விற்கத்தான் போகிறார் என்றால், அதை 1995இலேயே செய்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

அந்த 1995 டிசம்பர் 17 ஆட்டத்தின் காட்சிகளை யாராவது பார்த்திருக்கிறீர்களா? கிளீவ்லாண்டில் கடைசி ஆட்டம், எதிரே சின்சினாட்டி பெங்கால்ஸ். 'டாக் பவுண்ட்' என்று கூப்பிடுகிற கிழக்குப் பக்கத்துக் கூட்டம், எலும்பும் நாய் முகமூடியுமாக வந்து குரைத்தே எதிரணியைக் கலங்கடிக்கிற கூட்டம், அன்றைக்கு உட்கார்ந்திருந்த இருக்கைகளையே பிடுங்கியது. பிடுங்கியதையெல்லாம் மைதானத்துக்குள் எறிந்தார்கள், அந்தப் பக்கம் ஆட முடியாமல் ஆட்டத்தை மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. பிரவுன்ஸ் 26-10 என்று ஜெயித்தது, ஆனால் அது யாருக்கு வேண்டும். ஆட்டம் முடிந்ததும் எர்னஸ்ட் பைனர் ரசிகர்களை நோக்கி ஓடினார். ஓடிப்போய் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்தார்.

பைனர் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 1988 ஜனவரியில் டென்வரில் நடந்த ஏஎஃப்சி இறுதிப் போட்டி, கடைசி நிமிடங்கள், சமன் செய்ய ஒரு டச் டவுன், அதாவது பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது, வேண்டும், பந்தோடு பாய்ந்த பைனர் கோட்டுக்கு ஓரிரு யார்டு முன்னால் பந்தைத் தவறவிட்டார். பிரவுன்ஸ் சூப்பர் பௌலுக்குப் போகும் வாய்ப்பு அந்த இடத்திலேயே கீழே விழுந்தது. ஒரு ஊரின் மிகப் பெரிய வலியைத் தோளில் சுமந்த மனிதர், வேறு அணிக்குப் போய்த் திரும்பி வந்த மனிதர், கடைசி நாளில் பந்தோடு 121 யார்டு ஓடிவிட்டு, ஆட்டம் முடிந்து அழுதுகொண்டிருக்கிற அதே ஜனங்களைக் கட்டிக்கொள்கிறார். அந்தக் கூட்டம் அவரை மன்னித்துப் பல காலம் ஆகியிருந்தது. தவறு செய்தவனை மன்னிக்கத் தெரியாத ஊர் இல்லை அது. இதை எழுதும்போதே என் கை நிற்கிறது.

ஹால் ஆஃப் ஃபேம் தேர்வில், வீரர்கள் மைதானத்துக்கு வெளியே செய்ததைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. என் நண்பர் இதைத்தான் பிடித்துக்கொண்டார், அணி மாறியது வியாபாரம், ஆட்டத்துக்கு அவர் செய்ததை மட்டும் பாருங்கள் என்று. அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. முதலாளிக்கு மைதானம் எது? தொலைக்காட்சி ஒப்பந்தம் போட்டது மைதானத்துக்கு உள்ளேயா? அது மட்டும் வியாபாரம் இல்லையா? அதைப் புகழுக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றால், அணியை ஊரிலிருந்து பிடுங்கியதையும் அதே கணக்கில்தான் எழுத வேண்டும். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கின் டச் டவுனை எண்ணிவிட்டு, எதிரணி கையில் போய் விழுந்த இன்டர்செப்ஷனை எண்ண மாட்டேன் என்று யாராவது சொல்வார்களா? ஊரோடு அணியைக் காப்பது ஓர் உரிமையாளரின் ஆட்டத்திலேயே முக்கியமான ஆட்டம், அதில்தான் அவர் தோற்றார்.

என்னை உண்மையிலேயே திணறடித்த வாதம் வேறு. டான் ரீவ்ஸ் என்று ஒருவர். அவருடைய ராம்ஸ் அணி கிளீவ்லாண்டில்தான் இருந்தது. 1945இல் லீக் பட்டம் ஜெயித்தது, ஜெயித்த கையோடு 1946இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார். அதே கிளீவ்லாண்டிலிருந்து! அவர் 1967 முதல் கேன்டனில் வெண்கலத்தில் இருக்கிறார். ஓக்லாண்டுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் போய் வந்த அல் டேவிஸும் உள்ளே. அப்புறம் மோடெல் மட்டும் என்ன பாவம் செய்தார்?

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, பாதிதான் இருக்கிறது. ரீவ்ஸ் போன இடத்தில் என்எஃப்எல்லே இல்லை, மேற்குக் கடற்கரைக்கு லீக்கைக் கொண்டுபோனதே அவர்தான். பொது மைதானத்தில் ஆட வேண்டுமானால் கறுப்பின வீரர்களைச் சேர்க்க வேண்டும் என்று அங்கே அழுத்தம் வந்து, கென்னி வாஷிங்டன் ராம்ஸில் சேர்ந்தார், லீக்கில் 12 வருடமாக இருந்த நிறத்தடை உடைந்தது. அந்த இடப்பெயர்ச்சி ஆட்டத்துக்கு எதையோ கொடுத்தது. மோடெலின் இடப்பெயர்ச்சி ஓர் ஊரிடமிருந்து எடுத்து இன்னோர் ஊருக்குக் கொடுத்தது, அவ்வளவே. மற்றபடி, உள்ளே இருக்கிற எல்லோரும் சரி என்று நான் சொல்லவில்லை. வாஷிங்டன் அணியின் ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல், 1962 வரை ஒரு கறுப்பின வீரரைக்கூட ஆடவிடாத மனிதர், அதுவும் அரசாங்கம் நெருக்கிய பிறகுதான் இறங்கி வந்தார், அவரும் அந்த முதல் 17 பேரில் ஒருவர். 2020இல் மைதானத்து வாசலில் இருந்த அவருடைய நினைவுச் சின்னத்தையே அகற்றிவிட்டார்கள், கேன்டனில் மட்டும் இருக்கிறார். ஒரு தப்பான சிலையைக் காட்டி அடுத்த சிலை கேட்பது என்ன நியாயம்?

பால்டிமோர் மக்களின் சந்தோஷத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். அவர்களுடைய கோல்ட்ஸ் அணியை 1984 மார்ச்சில் ஓர் இரவு லாரிகளில் ஏற்றி இண்டியானாபொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு வருடம் வெறும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர். ரேவன்ஸ் வந்து, 2001 ஜனவரியில் ஜயன்ட்ஸை 34-7 என்று நொறுக்கிக் கோப்பையோடு மோடெல் நின்றபோது அந்த ஊர் அழுதிருந்தால் அது நியாயமான அழுகை. அவர்கள் மைதானத்தின் கௌரவ வளையத்தில் அவர் பெயர் இருக்கிறது, இருக்கட்டும், அது அவர்கள் நன்றி. கேன்டன் அப்படியில்லை, அது எல்லோருடைய வீடு, கிளீவ்லாண்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான். அந்தக் கிழக்குப் பக்கத்தில் இருக்கை பிடுங்கிய ஒருவர் தன் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கே போவார். பிரவுன்ஸில் ஆடிய ஜிம் பிரவுனுடைய சிலையைக் காட்டுவார், ஓட்டோ கிரஹாமைக் காட்டுவார். இரண்டு வரிசை தள்ளி மோடெலின் முகம் இருந்தால், அதைப் பற்றி அவர் அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வார்?

மோடெல் 2012 செப்டம்பர் 6 அன்று இறந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை கிளீவ்லாண்டில் பிரவுன்ஸின் முதல் ஆட்டம், 1999இல் அதே பெயரிலும் அதே நிறத்திலும் திரும்பக் கிடைத்த பிரவுன்ஸ். மற்ற மைதானங்களில் அவருக்காக மௌன அஞ்சலி செலுத்தினார்கள். கிளீவ்லாண்டில் மட்டும் வேண்டாம் என்று மோடெலின் குடும்பமே கேட்டுக்கொண்டது.