வூகான் நாட்குறிப்பு: ஹான் ஆற்றின் வாயில்

ஜூலை 4

காலையில் லோங்வாங்மியாவோ கரைக்குப் போனேன். ஹான் ஆறு யாங்சியில் கலக்கும் இடம் இது. ஒன்று சற்றே பச்சையாகவும் மற்றொன்று களிமண்ணைக் கரைத்ததுபோலவும் ஓடி, கொஞ்ச தூரம் ஒட்டாமலே சேர்ந்து போகின்றன.

இந்த முகத்துவாரம் ஆதியிலிருந்தே இங்கு இருந்ததன்று. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மிங் பேரரசர் செங்ஹுவா காலத்தில், ஹான் ஆறு போக்கை மாற்றி ஆமைக்குன்றுக்கு வடக்கே யாங்சியில் சேர்ந்தது. அதுவரை ஹான்யாங் ஊரோடு ஒட்டிக் கிடந்த சேற்றுநிலம் தனிக் கரையாயிற்று. அதுவே ஹான்கோவ், அதாவது ‘ஹானின் வாய்’. ஆட்சியாளர்கள் யாங்சியின் எதிர்க்கரையில் வூசாங் நகரின் மதிலுக்குள் இருக்க, வியாபாரம் மேட்டைத் தேடாமல் இந்தச் சேற்றில் வந்து உட்கார்ந்தது.

ஜூலை 6

வியாபாரம் சேற்றைத் தேடி வந்த காரணம் ஹான்ஜெங் தெருவில் நடந்தபோது விளங்கியது. துணிமூட்டைகளை ஏற்றிய கைவண்டிகள் இடிக்காத குறையாக உரசிச் செல்லும் இந்த மொத்த வியாபாரத் தெரு, யாங்சியை ஒட்டி அமையாமல் ஹான் ஆற்றை ஒட்டி அமைந்திருக்கிறது. யாங்சியின் காற்றுக்கும் இழுப்புக்கும் ஒதுங்கி, பாய்மரப் படகுகள் குறுகலான ஹானுக்குள் கட்டி நின்றன. சரக்கு இறங்கிய இடத்தில் கடை முளைத்தது.

1861இல் துறைமுகம் அந்நியருக்குத் திறக்கப்பட்டபின், ஆழம் வேண்டிய நீராவிக் கப்பல்கள் யாங்சிக் கரையை நாடின. நகரத்தின் முகமும் அந்தப் பக்கம் திரும்பியது. கோடை வெள்ளம் ஏறும் மாதங்களில் லண்டனுக்குத் தேயிலை ஏற்றும் கப்பல்கள், கடலிலிருந்து ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் உள்ளே, இங்கேயே வந்தன. பின்னர் இந்தியத் தேயிலையும், நம் மலையகத் தமிழர் பறித்த இலங்கைத் தேயிலையும் அந்தச் சந்தையைப் பிடித்துக்கொள்ள, ஹான்கோவின் தேயிலை பெரிதும் ரஷ்யர்களை நம்பியது.

ஜூலை 9

நாள் முழுவதும் மழை. வெளியே போகவில்லை.

ஜூலை 11

ஹான்கோவின் பின்புறம் ஏரியும் சதுப்புமாக இருந்ததால் நகரம் விரிய இடமில்லை. ஆளுநர் ஜாங் ஜிதோங் 1905இல் எழுப்பிய கரை அந்தத் தாழ்நிலத்தைக் காயவைத்து, மனை நிலமாக்கியது. ஏரி இருந்த இடத்தில் குடியேறியவர்களை 1931இல் ஆறு தேடி வந்தது. கரை உடைந்து, வாரக்கணக்கில் தெருக்களில் படகு ஓடியது. அப்போது ஹான்கோவ் அளவுகோலில் நீர்மட்டம் 28.28 மீட்டர். 1954இல் அதையும் தாண்டி 29.73 மீட்டரை எட்டியும் நகரம் பெரும்பாலும் தப்பியது. கரையைக் காத்த பெருங்கூட்டத்தின் உழைப்போடு, ஆற்றின் மேற்பகுதியில் வெள்ளத்தைத் திருப்பிவிட ஒதுக்கிய ஜிங்ஜியாங் பகுதியின் மதகுகள் மூன்று முறை திறக்கப்பட்டதும் இதற்குக் காரணம். நகரத்தின் வெற்றியைப் பாடுகிறவர்கள், அங்கே மூழ்கிய வயல்களுக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

ஜூலை 14

மாலையில் வூசாங்கிலிருந்து படகில் ஹான்கோவுக்குத் திரும்பினேன். ஆமைக்குன்றும் பாம்புக்குன்றும் ஆற்றை நெருக்கும் இடத்தில், 1957இல் திறந்த 1,670 மீட்டர் பாலம் நிற்கிறது. அதற்கு முன் ரயில் பெட்டிகளையே படகில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். கீழ்த்தட்டில் ரயிலும் மேல்தட்டில் வாகனங்களும் ஓடத் தொடங்கியபோதுதான் வூசாங், ஹான்யாங், ஹான்கோவ் என்ற வூகானின் மூன்று ஊர்களும் தரைவழியாக ஒன்றாயின. கொள்கலன் துறைமுகமோ இன்று ஆற்றின் கீழ்ப்பகுதியில், யாங்லுவோவில் இருக்கிறது.

படகு கரையை நெருங்கியபோது, கயிற்றை வீசியவர் முதலில் பார்த்தது கரையிலுள்ள மணிக்கூண்டை அல்ல. படித்துறையில் நீர் எந்தப் படிவரை ஏறியிருக்கிறது என்பதைத்தான்.