கடப்பாரை சாருக்கு ஒரு பாக்கி

சார் போய்விட்டார் என்ற செய்தி வாட்ஸாப் குழுவில் வந்தபோது இங்கே மெல்போர்னில் நள்ளிரவு. "எந்த சார்?" என்று ஒருவன் கேட்டான். "நம்ம கடப்பாரை" என்று பதில் வந்தது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

87 செட்டுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. மூளைப் பாடத்தன்று தோட்டக்காரரிடம் கடப்பாரை வாங்கி வந்து மேஜைமேல் 'டங்'கென்று போட்டாரே, அதிலிருந்துதான். 1848இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரயில் பாதைக்குப் பாறை தகர்த்த பினியாஸ் கேஜுக்கு இடது கன்னத்தில் ஏறி உச்சந்தலை வழியாகப் பறந்த கம்பி மூன்றடி ஏழு அங்குலம். ஆள் பிழைத்து 1860 வரை இருந்தார். குணம்தான் மாறிப்போனது என்றார்கள். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டிருக்க, சார் சொன்னார்: "ஒரு ஆளை வெச்சு ஊரையே அளந்துறாதீங்க கண்ணு."

ஊரை அளக்கத்தான் அந்த ஸ்கேல் சோதனை. ஒருவன் ஸ்கேலை விட, இன்னொருவன் விரலிடுக்கில் பிடிக்க வேண்டும். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் ஏறக்குறைய 0.2 விநாடி. டீ குடித்தால் கை வேகமாகுமா என்பது கேள்வி. டீக்காசு சாருடையது. யாருக்கு டீ என்பதைக் காசு சுண்டித்தான் முடிவு செய்ய வேண்டும். இஷ்டத்துக்கு விட்டால் துடியானவனெல்லாம் டீக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவான். அப்புறம் டீ வேலை செய்ததா, ஆள் வேலை செய்தானா? ஸ்கேலை விடுகிறவனுக்கும் யார் குடித்தது என்று தெரியக் கூடாது.

இருபது பேரை அளக்கும் பொறுப்பு எனக்கு. நான் டீக்காசோடு கொடிவேரிக்குக் குளிக்கப் போய்விட்டு, ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து எண்களை எழுதினேன். டீ குடித்தவர்களுக்கு 15, 16, 15, 16. குடிக்காதவர்களுக்கு 20, 21, 20, 21.

சார் திட்டவில்லை. வாழைத்தார் ஏலம் விடுகிற தொனியில் ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். எட்டாவது எண்ணில் வகுப்பு சிரிக்க ஆரம்பித்தது. "ஏங்கண்ணு, இருபது பேருக்கும் ஒரே கையாட்ட இருக்குதே?" என்று கேட்டு, ஸ்கேலை எடுத்து என் விரல்களுக்கு நடுவில் பிடித்தார். 17, 24, 19. நாலாவது தடவை கீழேயே விழுந்தது. "கண்ணு பார்த்து, மூளைக்குப் போயி, கைக்கு வரோணும். நரம்புல சேதி போறதுக்கே நேரமாகுமுன்னு ஹெல்ம்ஹோல்ட்ஸுன்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி 1850லயே தவளையில அளந்துட்டார். உசுருள்ள கைன்னா ஏறி எறங்கும்." நோட்டில் சிவப்பு மையில் 'மறுபடி செய்யவும்' என்று எழுதினார். நான் செய்யவில்லை. பரீட்சை வந்தது, அப்புறம் கோயம்புத்தூர், அப்புறம் விமானம்.

இன்று என் பிழைப்பு மருந்துச் சோதனைகளின் தரவுகளைச் சரிபார்ப்பது. எவரோ வீட்டில் உட்கார்ந்து எழுதிய எண்களை மோப்பம் பிடிப்பதற்குச் சம்பளம். எங்கே கற்றீர்கள் என்று நேர்முகத்தில் கேட்டபோது பல்கலைக்கழகத்தின் பெயரைத்தான் சொன்னேன்.

அதன்பின் சொந்த ஊரான கோபிக்கு மூன்று தடவை போயிருக்கிறேன்: ஒரு கல்யாணம், ஒரு கிரயப் பத்திரம், அப்பாவின் காரியம். தடப்பள்ளி வாய்க்காலைத் தாண்டினால் சார் வீடு. பத்து நிமிஷ நடை.

போன ஞாயிற்றுக்கிழமை மகளை ஸ்கேல் விடச் சொன்னேன். டீ குடிக்கவில்லை. சார், பத்து தடவை: 24, 21, 27, விழுந்தது, 23, 25, 22, விழுந்தது, 24, 26.