கெண்டைக்கால் கத்தி

கடலுக்கடியில் சுழியோடப் பழகிய புதிதில் நான் ஆசைப்பட்டு வாங்கியது ஒரு கத்தி. மஞ்சள் பிடி, ஒரு சாண் நீள அலகு, கெண்டைக்காலில் கட்ட இரண்டு ரப்பர் பட்டிகள். படகில் காலை நீட்டி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்குடாவுக்கு அப்பால், சுமார் 25 மீட்டர் ஆழத்தில் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று, ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்த அதே நாளில், ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட எண்ணெய்க் கப்பல். மீன் மொய்க்கும் இடத்தில் வலையும் மாட்டும். தங்கூசி என்னும் நைலான் இழையில் பின்னிய வலை தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. ஒரு தகட்டின் கீழே நுழைந்தபோது முதுகை யாரோ பிடித்து இழுத்ததுபோல் இருந்தது. சிலிண்டர் வால்வில் வலை. திரும்பிப் பார்த்தேன்; இன்னொரு சுற்று விழுந்தது. வந்த வழியே மெதுவாகப் பின்வாங்கியிருக்க வேண்டும். கத்தியை எடுக்கக் குனிந்தால் வலை இன்னும் இறுகியது. கூட வந்த அண்ணன் தோளை அமுக்கி, அசையாதே என்று சைகை காட்டி, கத்தரிக்கோலால் இரண்டே நறுக்கில் விடுவித்தார். படகில் ஏறியதும், "கொலுசு நன்றாக இருக்கிறது தம்பி" என்றார்.

அன்றே பட்டிகளைக் கழற்றினேன். இப்போது இடுப்புப் பட்டியில், எந்தக் கையும் எட்டும் இடத்தில், ஒரு லைன் கட்டர், நூலும் வலையும் அறுக்கும் சிறு கருவி. அலகு பள்ளத்துக்குள் ஒளிந்திருப்பதால் காற்றுக் குழாயையோ ஜாக்கெட்டையோ குத்தாது. தொடைப் பையில், ஆம்புலன்ஸ்காரர்கள் உடுப்பு வெட்டும் மொட்டை முனைக் கத்தரிக்கோல், இழுபடும் கயிற்றில் கட்டி. தொங்கிய மாற்று ரெகுலேட்டர், அதாவது மூச்சுவிட வைத்திருக்கும் இரண்டாவது வாய்க்கருவி, கழுத்தடியில் ரப்பர் வளையத்துக்குப் போனது. சாமான்களின் கொக்கிகளை இரும்பு வளையத்தில் மாட்டாமல் நூலால் கட்டினேன். சிக்கினால் அறுக்கலாம் அல்லவா?

கையுறை போட்டு, கண்ணை மூடி, மாமரத்தில் கட்டிய தங்கூசியை வெட்டிப் பழகினேன். இடது கை முதல் நாள் பையின் வாயைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அம்மா திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

கத்தரிக்கோலில் ஒரே குறை, நடு ஆணி துருப்பிடித்து இறுகிவிடுகிறது. நன்னீரில் கழுவி, சிலிக்கன் கிரீஸ் தடவியும் ஒரு பருவத்துக்கு மேல் நிற்பதில்லை. மலிவான சாமான்தான், வருடத்துக்கு ஒன்று புதிதாக வாங்கிவிடுகிறேன்.