நான்கு நாள் தள்ளி ஓடும் ஆறு

கான்பெராவில் நான் வேலை பார்த்த அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் கார் நிறுத்துமிடம் தெரியும். ஆறு தெரியாது. ஹியூம் அணைக்குப் போவதென்றால் காரில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் முர்ரே ஆற்றில் இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் திறப்பது என்று தினமும் காலையில் அந்த அறையில் உட்கார்ந்துதான் கணக்குப் போடுவோம்.

அதற்கு முன்னால் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பாசனப் பிரிவில் சில வருடம் இருந்தேன். அங்கே தண்ணீர் என்பது கண்ணுக்குத் தெரியும் பொருள். லஸ்கர் மதகைத் திருகிவிட்டு அடுத்த மதகுக்கு சைக்கிளை மிதிப்பார். கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை என்றால் மறுநாள் ஆபீஸ் வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள். கான்பெராவில் வாசலில் யாரும் நிற்க மாட்டார்கள். திரையில் எண்கள் மட்டும் வரும். அந்த எண்களே எனக்கு முதலில் பிடிபடவில்லை. எல்லாம் மெகாலிட்டர், கிகாலிட்டர். ஒரு டிஎம்சி என்பது 28.3 கிகாலிட்டர். ஹியூம் நிரம்பினால் 3,005 கிகாலிட்டர் என்பார்கள். நான் மனசுக்குள் 106 டிஎம்சி என்று மாற்றி, சரி, மேட்டூரைவிடக் கொஞ்சம் பெரிசு என்று ஆறுதல் பட்டுக்கொள்வேன். ஆறு மாதம் இப்படித்தான் ஓடியது.

பரப்பை மட்டும் எப்படி மாற்றிப் பார்த்தும் மலைப்பு தீரவில்லை. முர்ரே–டார்லிங் வடிநிலம் பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். காவிரியின் வடிநிலத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு தாண்டும். பெய்கிற மழையில் பெரும்பகுதியை வெயிலும் செடிகொடிகளும் குடித்துவிடும். மிச்சம் ஆற்றில் வந்து சேருவது சொற்பம். கிழக்கே மலையில் கிடைக்கும் நீரை வறண்ட சமவெளியில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடத்திக் கூட்டிப்போக வேண்டும்.

பங்கு விதி என்னவோ எளிமையானதுதான். 1902 வரை நீண்ட பெரும் பஞ்சத்துக்குப் பிறகு பேச ஆரம்பித்து, 1914இல் மூன்று மாநிலங்களும் மத்திய அரசும் ஒப்பந்தம் போட்டன. ஆல்பரி ஊருக்கு மேலே வரும் நீரில் நியூ சவுத் வேல்சுக்கும் விக்டோரியாவுக்கும் பாதிப் பாதி. அதற்குக் கீழே அவரவர் பக்கத்திலிருந்து வந்து சேரும் கிளையாறுகள் அவரவருக்கு. கடைமடையான தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு ஆண்டுக்கு 1,850 கிகாலிட்டரை மேலே உள்ள இருவரும் சமமாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். (பங்கு பாதியானாலும் ஆற்றின் படுகை முழுவதும் நியூ சவுத் வேல்சுக்குச் சொந்தம். விக்டோரியாக்காரர் தன் கரையில் நின்று தூண்டில் போட்டாலும் எதிர்க்கரையின் லைசென்ஸ் வேண்டும். இதைச் சொல்லாமல் எந்த விக்டோரியாக்காரரும் ஆற்றைப் பற்றிப் பேசி நான் பார்த்ததில்லை.)

அந்த 1,850இல் எனக்குப் பிடித்தது அதன் உள்கணக்கு. 696 கிகாலிட்டர் யாருடைய வயலுக்கும் இல்லை. வழியில் ஆவியாகவும், மண்ணில் இறங்கவும், உப்பைக் கரைத்து நீர்க்க வைக்கவும் என்றே ஒதுக்கியது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொலைந்துபோகும் என்று ஒப்புக்கொண்டு எழுதிய பங்கீடு. ஊரில் நாங்கள் சேதாரத்தைப் பற்றிப் பேசினாலே, தண்ணீரை ஒளித்து வைக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

ஆனால் விதி தெரிந்தால் வேலை தெரிந்துவிடாது. ஹியூமில் இன்று திறந்த நீர் யாரவோங்கா கதவணைக்கு வந்து சேர நான்கு நாள் பிடிக்கும். தெற்கு ஆஸ்திரேலியா எல்லையைத் தொட நான்கு வாரத்துக்கும் மேல். எனவே இன்றைய தேவைக்கு இன்று திறப்பது என்ற பேச்சே கிடையாது. வருகிற வெள்ளிக்கிழமை யாரவோங்காவில் வெயில் எத்தனை டிகிரி, விவசாயிகள் எவ்வளவு கேட்பார்கள், வழியில் கிளையாறுகள் எவ்வளவு தரும் என்று ஊகித்து திங்கட்கிழமை எழுத வேண்டும். திறந்துவிட்டால் திரும்பக் கூப்பிட முடியாது.

அதிகமாகத் திறந்துவிட்டாலும் நடுவில் பெரிய அணை ஏதாவது தாங்கிக்கொள்ளும் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் பார்மாவைப் பற்றிச் சொன்னார்கள். யாரவோங்காவுக்குக் கீழே ஆறு குறுகிப்போகும் இடம். ஆற்றுக்காரர்கள் அதை ‘சோக்’ என்கிறார்கள். தொண்டைக்குழி என்று வைத்துக்கொள்ளுங்கள். பல ஆயிரம் வருடங்களுக்கு முன் நிலப்பிளவு ஒன்று தரையைத் தூக்கிவிட, ஆறு தன் பழைய வழியை விட்டுவிட்டு ஒரு சின்ன வாய்க்காலில் நுழைந்துகொண்டது. அங்கே ஒரு நாளைக்குச் சுமார் 7,000 மெகாலிட்டர்தான் கரைக்குள் அடங்கிப் போகும். நம் கணக்கில் கால் டிஎம்சி. அதுவும் குறைந்துகொண்டே வருகிறது: பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கம் தோண்டியவர்கள் மேலே கழுவித் தள்ளிய மணல் இன்னும் ஆற்றின் அடியில் மெதுவாக நகர்ந்து வந்து படிகிறது. தங்கம் எடுத்தவர்கள் செத்து நூறு வருடமாகிறது, அவர்கள் விட்ட மணலுக்கு நாங்கள் தினமும் கணக்கு எழுதினோம்.

அந்தத் தொண்டைக்கு இருபுறமும் செம்மரக் காடு. நம் ஊர்ச் செம்மரம் இல்லை, யூகலிப்டஸ் வகை. இந்த வகை மரத்துக்கு உலகிலேயே பெரிய காடு அதுதான். குளிர்காலமும் வசந்தமும் வெள்ளத்தில் நின்று, கோடையில் காய்ந்தால்தான் அதற்கு நல்லது. நாங்கள் செய்வதோ தலைகீழ். குளிர்காலத்தில் அணையில் பிடித்து வைத்து, கோடையில் பாசனத்துக்காக ஆற்றைக் கரைமுட்ட ஓட்டுகிறோம்.

நான் தவறு செய்ததும் ஒரு ஜனவரியில்தான், அங்கே அது நடுக்கோடை. அடுத்த வாரம் 43 டிகிரி என்று முன்னறிவிப்பு. தண்ணீர் கேட்டு விவசாயிகள் போடும் ஆர்டர்கள் மடமடவென்று ஏறின. ஹியூமில் திறப்பைக் கூட்டலாம் என்று நான்தான் எழுதினேன். மூத்தவர் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாராளமாக இருக்கிறதே என்றார். அனல் காற்று வந்து பயிர் வாடினால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில், இருக்கட்டும் என்றேன். அவரும் விட்டுவிட்டார். மூன்றாம் நாள் இரவு இடி மின்னலோடு மழை. இரண்டு கரையிலும் வயல் நனைந்துவிட்டது. விடிந்ததும் ஆர்டர்களை எல்லோரும் ரத்து செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா, நனைந்த வயலுக்கு யார் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குவார்? ஆனால் கேட்ட தண்ணீர் வழியில் வந்துகொண்டிருக்கிறது. யாரவோங்கா கதவணைக்குப் பின்னால் முல்வாலா ஏரியில் இருந்த இடம் கொஞ்சம்தான். வாய்க்கால்களில் தள்ள முடிந்ததைத் தள்ளினோம். மிச்சம் தொண்டைக்குள் நுழையாமல் காட்டுக்குள் ஏறியது. கோடையின் நடுவில், வேண்டாத நேரத்தில்.

இதற்கு அங்கே ஒரு பெயரே இருக்கிறது, மழையால் மறுக்கப்பட்ட தண்ணீர் என்ற பொருளில். பெயர் வைக்கும் அளவுக்கு அடிக்கடி நடக்கிற விஷயம் என்பது அப்போது எனக்கு ஆறுதலாக இல்லை. மூத்தவர் என்னைத் திட்டவில்லை. “காட்டுக்குப் போயாச்சு. இழப்புன்னு எழுதிடு” என்றார். எழுதினேன். அந்த ஒற்றைச் சொல்லைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அணையில் இருந்தவரை பாதி ஒருவருடையது, பாதி இன்னொருவருடையது. கரை தாண்டியதும் யாருடையதும் இல்லை. ஒப்பந்தம் பிரித்துக் கொடுத்தது தண்ணீரை. நான்கு நாள் தள்ளிப் போடும் ஊகத்தின் பிழையை அது யார் தலையிலும் நேரடியாகக் கட்டவில்லை. எல்லோருடைய இருப்பிலும் சத்தமில்லாமல் குறைகிறது. நிஜமான பங்கீடு அந்த இழப்புக் கணக்கில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம். எத்தனை டிஎம்சி என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திறந்தே பார்ப்பதில்லை.

2018-19 நீராண்டு வேறு மாதிரி. மழையும் இல்லை, மறுப்பும் இல்லை. ஆஸ்திரேலியாவில் தண்ணீர் உரிமையை நிலத்தோடு சேர்க்காமல் தனியாக விற்கலாம், வாங்கலாம். உரிமையிலும் இரண்டு தரம்: வறட்சியிலும் பெரும்பாலும் கிடைக்கும் உயர் உறுதி, மிச்சம் இருந்தால் கிடைக்கும் பொது உறுதி. நியூ சவுத் வேல்ஸ் முர்ரேயில் பொது உறுதிக்காரர்களுக்கு அந்த வருடம் கிடைத்தது பூஜ்யம். நெல் போடுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். ஆனால் ஆறு வற்றவில்லை. கீழே பாதாம் தோட்டங்களுக்கும் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் போக வேண்டிய நீர் அவர்கள் வீட்டு வாசல் வழியாகக் கரைமுட்ட ஓடியது. தண்ணீரில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது, ஆனால் அது எங்கள் திரையில் மட்டும்தான் தெரியும்.

அந்த நாட்களில் அங்கே இருந்து ஒரு விவசாயி போன் செய்தார். வேறு பிரிவுக்குப் போக வேண்டிய அழைப்பு, எப்படியோ என் மேசைக்கு வந்துவிட்டது. வயதான குரல். என் கணக்கில் சைபர், என் வேலிக்கு வெளியே ஆறு நிறைந்து ஓடுகிறது, நீயே சொல் என்று ஆரம்பித்தார். நான் 1914இலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தம்பி, என் தாத்தா காலத்திலிருந்து எனக்கு அது தெரியும் என்கிற தோரணையில் நிறுத்தினார். விதியை என்னைவிட நன்றாக அறிந்தவர். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவருக்கு என்னிடமிருந்து வேண்டியது ஒன்றே ஒன்று. வீட்டுக்கும் மாடுகளுக்கும் தண்ணீர் எடுக்கும் சின்ன பம்ப் ஒன்று கரையில் இருக்கிறது. மட்டம் ஏறினால் மேலே தூக்க வேண்டும், இறங்கினால் கீழே நகர்த்த வேண்டும். மகன் ஊரில் இல்லை, தனி ஆள். என்றைக்கு மட்டம் இறங்கும் என்று முன்கூட்டியே சொன்னால் போதும்.

திரையைப் பார்த்தேன். வியாழக்கிழமைக்குள் 30 சென்டிமீட்டர் இறங்கும் என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

சனிக்கிழமைதான் இறங்கியது.