வரி கட்டுபவர்களின் நூலகம்

மாவட்ட நூலக ஆணைக்குழு என்றால், இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பலருக்கு அது தொலைவில் உள்ள ஓர் அலுவலகம் மட்டுமே. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் மாவட்டந்தோறும் இத்தகைய குழுவை அமைத்ததோடு, வீட்டு வரியுடன் நூலக வரியையும் சேர்த்து வசூலிக்க வழி செய்தது. இப்போது அது வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு. மண்டபம் என்னும் ஊரை அடுத்த ஊரொன்றில் கிளை நூலகராக இருந்தபோது, நூலகத்துக்குத் துணைநிற்கும் ஊர்க்காரர்களின் அமைப்பான வாசகர் வட்டத்தின் கூட்டத்தில் வரி ரசீதைக் காட்டி இதை விளக்கினேன். அதுவரை "பார்த்துச் செய்யுங்க சார்" என்று கேட்டவர்கள், "எங்க வரிக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பதில் சொல்வது சிரமமாக இருந்தாலும், அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

கட்டடம், பணியாளர், செலவு எல்லாம் மாவட்ட அளவில் முடிவாகின்றன; நூல் தேர்வில் பெரும்பகுதி சென்னையிலேயே நடந்துவிடுகிறது. ஊரின் குரலுக்கு மிஞ்சியிருப்பது வாசகர் வட்டம்தான். எங்கள் வட்டத்திலோ ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கடைக்காரர்களுமே இருந்தனர். விசைப்படகு உரிமையாளர்கள் நூலகத்துக்கான நன்கொடையான புரவலர் தொகையைத் தயங்காமல் கொடுப்பார்கள், உள்ளே வரமாட்டார்கள். இதை ஆர்வமின்மை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் நாங்கள் கூட்டம் வைத்ததோ ஞாயிறு மாலை. திங்கள் காலையில் கடலுக்குப் போகிறவர் அந்த நேரத்தில் ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டிருப்பார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்துக்குக் கூட்டத்தை மாற்றியதும் விசைப்படகுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லையாதலால், அவர்களுக்காகத் தனியாக ஒரு நாள் பார்க்க வேண்டியிருந்தது. கடல்பாசி எடுக்கும் பெண்கள் கரையேறி, வீட்டுவேலையும் முடித்து, விளக்கு வைத்த பிறகே வர முடியும் என்றனர். மாலை நேரத்தை நீட்டிக்கக் கோரித் தீர்மானம் எழுதி அனுப்பினோம். ஒப்புதல் வருவதற்குள் வாடைக்காற்றுக் காலமே வந்துவிட்டது.

அடுத்த நிர்வாகக் குழுவில் பாசி எடுக்கும் பெண்கள் இருவர் சேர்ந்தனர். போட்டித் தேர்வு நூல்கள் வேண்டும் என்று கேட்பார்கள் என எதிர்பார்த்துப் பட்டியலும் தயாரித்து வைத்திருந்தேன். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. பிள்ளைகளை இரவு எட்டு மணி வரை அங்கே விட வேண்டுமானால் அது இல்லாமல் எப்படி என்றார்கள். அந்த ஆண்டின் புரவலர் நிதியைப் புத்தக அலமாரிக்கு ஒதுக்கியிருந்த தலைவர், சற்று முணுமுணுத்துவிட்டுத் தீர்மானத்தைத் திருத்தி எழுதச் சொன்னார்.