அப்டேட் நின்றுவிட்டதா? லாக் (பூட்டு) ஃபைலில் கைவைக்காதீர்கள்

உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் சிஸ்டத்தில், பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) நிறுவும் கருவியான ஆப்ட்டுக்கு "சுடோ ஆப்ட் அப்கிரேட்" கொடுத்தால், "வெயிட்டிங் ஃபார் கேஷ் லாக்" என்று ஒரே வரி நிற்கிறது. நொடிக் கணக்கு மட்டும் ஏறுகிறது. தேடிப் பார்த்தால் முதலில் கிடைக்கிற யோசனை, லாக் ஃபைல்களை "ஆர்எம்" கொடுத்து அழி என்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

/வார்/லிப்/டிபிகேஜி/லாக்-ஃப்ரன்ட்எண்ட் என்ற ஃபைல் எப்போதும் அங்கேதான் இருக்கும். அது இருப்பதால் பூட்டு விழுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புராசஸ் (நிரல்) அந்த ஃபைலின் மேல் சிஸ்டத்தின் மையமான கெர்னலிடம் பூட்டு வாங்கி வைத்திருக்கிறது. அது முடிந்தாலும் செத்தாலும் கெர்னலே பூட்டை விடுவித்துவிடும். லாக் ஃபைல்களை அழித்தால் பழைய புராசஸ் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். புதிய ஆப்ட் வேறு ஃபைல் உண்டாக்கி, அதைப் பூட்டிக்கொண்டு உள்ளே நுழையும். இரண்டும் ஒரே 'ஸ்டேட்டஸ்' ஃபைலில் எழுதினால், எந்த பேக்கேஜ் எந்த நிலையில் இருக்கிறது என்ற கணக்கே குழம்பிவிடும்.

பூட்டு யார் கையில் என்று அந்த வரியே சொல்கிறது: புராசஸ் எண்ணும், பக்கத்தில் பெயரும். "அன்அட்டெண்டட்-அப்கிர்" என்று பாதியில் வெட்டுப்பட்ட பெயர் இருந்தால், சிஸ்டம் தானாகவே பாதுகாப்பு அப்டேட் போட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கான டைமர் காலை 6 மணிக்கு; அதிலிருந்து 60 நிமிடத்துக்குள் ஏதோ ஒரு நேரத்தில் ஓடும். அப்போது லேப்டாப் அணைந்திருந்தால், ஆன் செய்த கொஞ்ச நேரத்தில் ஆரம்பிக்கும். கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். ஸ்கிரிப்டில் ஆப்ட் ஓட்டுகிறவர்கள் "-ஓ டிபிகேஜி::லாக்::டைம்அவுட்=600" சேர்த்துக்கொண்டால் அதுவே பத்து நிமிடம் காத்திருக்கும்.

நேரம் போயும் அசையவில்லை என்றால் இன்னொரு டெர்மினலில் "பிஎஸ் எஃப்ஏஎக்ஸ்" கொடுத்து, ஆப்ட்டின் கிளையில் கடைசியாகத் தொங்குவது எது என்று பாருங்கள். பாதி சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும். ஆப்ட், அதன் கீழே டிபிகேஜி (பேக்கேஜை உண்மையில் நிறுவுவது), அதன் கீழே டெப்கான்ஃப் ஃப்ரன்ட்எண்ட் (அமைப்புக் கேள்விகள் கேட்பது), அதன் கீழே விப்டெயில் (கேள்விப் பெட்டியைக் காட்டுவது) என்று இருந்தால் எதுவும் கெடவில்லை. உங்களிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறது. ஓடுகிற டெர்மினலுக்குப் போய் டேப் அடித்து 'ஓகே'க்கு வந்து என்டர் தட்டுங்கள். கடைசியில் 'சிசி1' இருந்தால் டிகேஎம்எஸ் (கெர்னலுக்கேற்ப டிரைவரைக் கட்டும் கருவி) ஏதோ டிரைவரை கம்பைல் செய்கிறது; சும்மா விடுங்கள். 'சிஸ்டம்சிடிஎல்' நின்றால் ஒரு சர்வீஸ் எழும்ப மறுக்கிறது. எது என்று "சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-ஜாப்ஸ்" காட்டும்.

அந்தப் புராசஸைக் கொன்றே ஆக வேண்டுமென்றால் வெறும் "கில்" போதும், வலுக்கட்டாயமாகக் கொல்லும் "-9" வேண்டாம். பிறகு "சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ", அடுத்து "சுடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்". இந்த வரிசையிலேயே கொடுங்கள்.

அதுவும் தோற்றால் அநேகமாக /பூட் (சிஸ்டம் எழும்பத் தேவையான ஃபைல்கள் இருக்கும் இடம்) நிறைந்திருக்கும். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து நிறுவியவர்களுக்கு /பூட் தனிப் பகுதியாக, சிறியதாக இருக்கும். புது கெர்னலுக்கான இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது முதலில் ஏற்றப்படும் ஃபைல்) எழுத இடமில்லாமல் அந்த கெர்னல் பேக்கேஜ் பாதியில் நிற்கும். அதன்பின் எந்த பேக்கேஜைத் தொட்டாலும் அதே பிழைதான் திரும்பத் திரும்ப வரும். "டிஎஃப் -எச் /பூட்" 100% காட்டினால் முதலில் "ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்" முயலுங்கள். அதுவும் அதே பிழையில் விழுந்தால் "யூநேம் -ஆர்" கொடுத்து இப்போது ஓடும் கெர்னல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதையும் ஆகப் புதியதையும் விட்டுவிட்டு, ஒரு பழைய எண்ணுக்குரிய லினக்ஸ்-இமேஜையும், உபுண்டுவில் லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ராவையும் சேர்த்தே "டிபிகேஜி --பர்ஜ்" செய்யுங்கள். இமேஜை மட்டும் கொடுத்தால் எக்ஸ்ட்ரா அதைச் சார்ந்திருக்கிறது என்று மறுத்துவிடும். இடம் கிடைத்ததும் மேலே சொன்ன இரண்டு கட்டளைகளும் ஓடும். /பூட்டில் உள்ள ஃபைல்களை நேரடியாக "ஆர்எம்" செய்வது ஆபத்து. டிபிகேஜியின் கணக்கில் அந்த கெர்னல் இன்னும் இருக்கும். பெயர் மாறி அழித்தால் மறுமுறை பூட் ஆகாது.

"0% கனெக்டிங்" என்று நிற்பது வேறு விஷயம், பெரும்பாலும் ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) வழி சரியாக இல்லாததால் வருவது. "-ஓ அக்வயர்::ஃபோர்ஸ்ஐபிவி4=ட்ரூ" சேர்த்து ஓட்டிப் பாருங்கள். "ஹாஷ் சம் மிஸ்மேட்ச்" (இறங்கிய ஃபைல் சரிபார்ப்பில் ஒத்துப்போகவில்லை) வந்தால் /வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ் உள்ளே இருப்பதை அழித்துவிட்டு மறுபடி "ஆப்ட் அப்டேட்". அங்கே அழிப்பதில் பயமில்லை, எல்லாம் திரும்ப இறங்கும்.

சில பேக்கேஜ்கள் "கெப்ட் பேக்" என்று ஒதுங்கி நிற்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். உபுண்டு 21.04 முதல், அப்டேட்களைக் கொஞ்சம் கொஞ்சம் பேருக்காகத் திறந்துவிடும் முறையை ஆப்ட்டும் பின்பற்றுகிறது. "ஆப்ட்-கேஷ் பாலிசி" கொடுத்துப் பேக்கேஜ் பெயரையும் சேர்த்தால் 'ஃபேஸ்டு' என்ற சொல்லோடு சதவீதம் தெரியும். சில நாளில் உங்கள் முறை வந்துவிடும்.